சந்தில் நிறுத்திய நாலு டிரம்கள்

ஷார்ஜா தொழில்பேட்டையில் தொழிலாளர் கேம்பிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் சந்தை அடைத்தது நான். காவல் நிலையத்தில் பிடித்து வைத்திருக்கும் பிக்கப் டிரைவர் லுக்மான் மீது குற்றமில்லை. பட்டறைத் தொழிலாளி பழனிச்சாமி இறந்தது தாமதத்தால் என்றால் அந்தத் தாமதம் என்னுடையது.

பெயர் கௌஸ் முகைதீன், வயது அறுபத்திரண்டு, சொந்த ஊர் கீழக்கரை. கிடங்கு வரிசையின் கடைசியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. சரக்குப் பெட்டிகளின் மேலிருந்த எழுத்தைப் பார்த்துப் படித்தவன். கேம்ப் ஆட்களுக்கு ஊர்க்கடிதம் எழுதிக் கொடுப்பதும் நான்தான். இதையும் நானே எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் அனந்தகிருஷ்ணன் காவல் நிலையத்தாருக்கு அரபியில் சொல்லுவார்.

போன வருடம், 1977-ல், கிடங்குகளுக்கு அந்தப் பக்கம் இந்தப் புது மெயின் ரோடு போட்டார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் வரிசைக்கு நடுவில் அந்த ஒரு சந்துதான் குறுக்கு வழி. எல்லோரும் அதில் போனதால் என் கடைப் பக்கம் ஆள் நடமாட்டம் நின்றது. கடையருகே இன்னொரு வழி விடக் கேட்டு நகராட்சிக்கு மூன்று மனு கொடுத்தேன். பதில் வரவில்லை.

அதன் பிறகு, எல்லோரும் வரிசையைச் சுற்றி என் கடை வழியாகப் போகட்டும் என்று நாலு எண்ணெய் டிரம்களைச் சந்தில் நிறுத்தி, யாரும் உருட்ட முடியாதபடி கான்கிரீட் நிரப்பினேன். மேல்பக்கம் வழவழவென்று தேய்த்தும் விட்டேன். கேட்டவர்களிடம் நகராட்சி உத்தரவு என்றேன். கடிதம் எழுதித் தருகிறவன் சொன்னதால் நம்பினார்கள். "என்ன பாய், இனிமே சந்துக்கும் விசா எடுக்கணுமா?" என்று பழனிச்சாமி கேட்டார். எல்லோருடனும் நானும் சிரித்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கேம்பை ஒட்டிய பட்டறையில் தகடு விழுந்து பழனிச்சாமியின் தொடை கிழிந்தது. லுக்மான் முந்தின நாள்தான் லீவு முடிந்து வந்தவன், சந்து அடைபட்டது அவனுக்குத் தெரியாது. அவரை ஏற்றிக்கொண்டு நேரே சந்துக்குள் வண்டியை விட்டான். கேம்பில் இருந்த நானும் ஓடினேன். ஆறு பேர் தள்ளியும் டிரம் அசையவில்லை. பழனிச்சாமி அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தார். "காக்கா, எந்த ஹராங்குட்டி வச்சான் இத?" என்று லுக்மான் என்னைக் கேட்டான். நகராட்சி என்றேன். அதன் பிறகு வண்டியைப் பின்னால் எடுத்துச் சுற்றிப் போனதில், ஆஸ்பத்திரி சேரும்முன் இரத்தம் போய் இறந்துவிட்டார்.

என் மனுவில் எழுதியது இன்றைக்கும் சரி. அந்த ரோட்டை வரைந்தவர் அங்கே நடந்து பார்க்கவில்லை. ஆனால் இருந்த ஒரே குறுக்கு வழியை அடைத்துவிட்டு அதைச் சொல்ல எனக்கே கூசுகிறது.

இதில் நான் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. இனி, லுக்மானை இன்றே வெளியே விட வேண்டியது காவல் நிலையம். வரிசையில் இன்னும் நாலு இடத்திலாவது வழி திறக்க வேண்டியது நகராட்சி. டிரம்களை உடைக்க வேண்டியது நான், சம்மட்டி கொடுத்தால் போதும், கூட ஆள் வேண்டாம். பழனிச்சாமியின் மனைவி சுந்தராம்பாளுக்குச் செய்தி எழுத வேண்டியது அனந்தகிருஷ்ணன். அந்த அம்மாளுக்கு இதுவரை போன கடிதமெல்லாம் என் கையெழுத்து. இது அந்தக் கையெழுத்தில் போகக்கூடாது.

(ஒப்பம்) கௌஸ் முகைதீன்