நூற்றிருபத்தெட்டாம் வாத்தியம்

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பேய்க் கதை சொல்வது வீண் வேலை. பேய் வாசலுக்கு வருமுன்னே போனைத் தட்டி, அப்படி ஒரு றோட்டு உண்டா என்று பார்க்கிறார்கள். உண்டு. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு நெருப்புக்குக் கிட்ட வாருங்கள்.

ஜெயசிங்கத்தின் மச்சான் பிலேந்திரனுக்கு நடந்தது இது. ஜெயசிங்கம் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்கவேண்டும். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிப்பதில்லை...

பின்னேரம் ஆறு மணி. சிட்னியில் யூலை மாதக் குளிர், அதற்குள் கும்மிருட்டு. ஹெலன்ஸ்பர்க் கோயில் றோட்டையும் விட்டுக் காட்டுக்குள் இறங்குகிற மண்பாதை. விளக்கில்லை, வீடில்லை. ஈர யூக்கலிப்டஸ் மணம். கார்ச் சில்லுக்குக் கீழே சல்லிக்கல் நொறுங்கும் சத்தம்... அவ்வளவுதான். காருக்குள் பிலேந்திரன் தனியே. எண்பது வயது மனிசன். மடியில் ஒரு பழைய பிளாப்பி டிஸ்க்.

அவருடைய மனைவி அஞ்சலீனா ஆஸ்பத்திரியில். இரவு தாண்டுமோ தெரியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தன் பிறந்தநாளுக்கு மகன் அனோஜ் செய்த பாட்டை ஒருமுறை கேட்கவேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு, மெரிலேண்ட்ஸ் வீட்டில், கொம்பியூட்டரில் அவன் கட்டிய பாட்டு அது. அடுத்த மாதம், இலங்கையில் சண்டை நடக்கையில், பெரியம்மாவைக் கூட்டிவர மன்னாருக்குப் போனான். கடற்கரையில் வள்ளத்துக்கு நின்றவனைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. உடம்பும் இல்லை. செய்தியும் இல்லை.

அந்தக் கொம்பியூட்டரும் செத்துப்போனது. ஏறாத கடையில்லை. எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் யாரோ வெங்கட்ராமனைச் சொன்னார்கள். அந்த நாளில் சிட்னியில் கொம்பியூட்டரைப் பாடவைக்கும் சவுண்ட் காட் செய்த கம்பனியில் வேலை பார்த்த தமிழ்நாட்டுக்காரர். இப்போது காட்டுக்குள், பழைய மெசின்களோடு தனியே இருக்கிறார். பிலேந்திரனுக்கு நம்பிக்கையில்லை. படித்தவன் எவனையும் அவர் நம்பியதில்லை. ஆனாலும் போனார்... வேறு என்ன செய்வார்?

கராஜ் முழுக்கக் கொம்பியூட்டர். சூடேறிய தூசியின் மணம். வெங்கட்ராமன் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சார், இது எங்க கம்பெனி கார்டுல போட்ட பாட்டு. அந்தக் கார்டு இப்ப எங்கயும் கிடையாது."

"உதில இவ்வளவு மெசின் கிடக்கு. ஒண்டில போடும்."

"போட்டா பாட்டு மாறிடும் சார். டிஸ்க்ல சத்தம் இல்ல, எந்த வாத்தியம்னு நம்பர்தான் இருக்கு. அப்பல்லாம் கம்பெனிக்கு ஒரு நம்பர். எங்க கார்டுல வீணைக்கு ஒரு நம்பர்னா, அடுத்தவன் கார்டுல அதே நம்பர் மேளம். ஒரே குழப்பம். அப்புறம் எல்லாரும் உக்காந்து பொதுவா ஒரு பட்டியல் போட்டோம். நூத்தி இருபத்தெட்டு வாத்தியம். உலகம் பூரா ஒண்ணாம் நம்பர்னா பியானோதான்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா எங்க நம்பரையெல்லாம் தூக்கிட்டாங்க. பட்டியல் கடைசியில வாத்தியமே இல்ல சார், வெறும் சத்தம். மூச்சு, கடல், குருவி, ஹெலிகாப்டர்... நூத்தி இருபத்தெட்டு துப்பாக்கி. கம்ப்யூட்டர் கேம் விக்கணும்ல? உங்க பையன் எங்க வீணையும் மணியும் கேட்ட நம்பர்ல இப்ப அதுங்கதான் உக்காந்திருக்கு."

பிலேந்திரன் அவருடைய கையைப் பிடித்தார். வாழ்நாளில் ஒருவனையும் கெஞ்சாத மனிசன்.

"தம்பி, அவள் விடியுமட்டும் இருக்கமாட்டாள். பிழையா வந்தாலும் பரவாயில்லை. ஒருக்காப் போடும்."

வெங்கட்ராமன் போட்டார்.

முதலில் கடல். அலை வந்து மணலில் இழுபடுகிற சத்தம்... பிறகு குருவி, ஒன்றிரண்டு. பாட்டென்று ஒன்றுமில்லை. தூரத்தில் தட, தட, தட... கிட்டக் கிட்ட வந்தது. ஹெலி. குருவிகள் சட்டென்று நின்றன. பிலேந்திரன் எழுந்துவிட்டார்.

பிறகு வெடி. ஒன்று... இன்னொன்று.

பிறகு மூச்சு.

ஓடி இளைத்தவனுடைய மூச்சு. உள்ளே இழுக்கும்போது தொண்டையில் தண்ணீர் கரகரத்தது.

"நிப்பாட்டும்," என்றார் பிலேந்திரன்.

வெங்கட்ராமன் திரையைப் பார்த்தபடி இருந்தார். "பாட்டு முடிஞ்சிருச்சு சார். ஃபைல்ல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"அப்ப நிப்பாட்டும்!"

வெங்கட்ராமன் பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. மூச்சு நிற்கவில்லை. ஸ்பீக்கர் வயரை இழுத்து அறுத்தார். அப்போதும் நிற்கவில்லை... அது இப்போது ஸ்பீக்கரில் இல்லை. கராஜ் கதவடியில் கேட்டது.

கடற்பாசி மணம். காட்டுக்குள்.

பிலேந்திரன் டிஸ்க்கைக் கேட்டு வாங்கவில்லை. "மெசின் பிழை," என்றார். "நம்பரை மாத்திப்போட்டுச் சனத்தை ஏமாத்திறியள். என்ர பிள்ளை வீணையிலதான் போட்டவன்." சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கண்ணால் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

கார் பூட்டியபடி நின்றது. இடப்பக்கக் கண்ணாடியில் மட்டும் உள்ளே மூச்சுப்பட்டதுபோல் புகார் படிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் துடைத்தார். பெருந்தெருவுக்கு ஏறுமுன் மறுபடி படிந்தது.

ஆஸ்பத்திரியில் அஞ்சலீனாவோடு இருந்த அவளுடைய அண்ணன் மகள் றொஷானி போன் எடுத்தாள்.

"அங்கிள், கிடைச்சுதே? அன்ரி கண் மூடாமக் கிடக்கிறா. வாசலையே பாக்கிறா."

"ஒண்டும் கிடைக்கேல்லை, பிள்ளை. வெறுங்கையோடதான் வாறன்."

றொஷானி போனைக் காதோடு அழுத்தினாள்.

"அங்கிள்... ஆர் பக்கத்தில? உங்களுக்கே மூச்சு வாங்குது?"

"ஒருத்தருமில்லை. ஹீற்றர் இரையுது," என்று போனை வைத்தார்.

ஹீற்றர் போட்டிருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கார்த் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினார். இறங்கினார். பூட்டினார். அவளிடம் கொண்டுபோக ஒன்றுமில்லாமல், தலையைக் குனிந்தபடி வாசலை நோக்கி நடந்தார்.

பின்னால் காரின் இடப்பக்கக் கதவு திறந்தது. மெதுவாகச் சாத்துப்பட்டது.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய கார்," என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்.

சீமெந்துத் தரையில் ஈரக் காலடி ஒன்று அவரை முந்திக்கொண்டு ஓடியது.