சின்னமணியின் பேத்தியும் பனி ஏரியும்

இந்தத் திருமண மேடையைத் தலைமையேற்று அலங்கரிக்கும் ஆனந்தராஜா அண்ணை அவர்களே, முன்வரிசையில் முத்துக்களாய் வீற்றிருக்கும் முதியோர்களே, விடியமுன் எழுந்து இத்தனை பேருக்கும் சமைத்துக் களைத்த தாய்மார்களே, இக்காஸ்ட்டிலிருந்தும் ரண்டர்ஸிலிருந்தும் மழையைப் பாராமல் இந்தச் சில்க்போர்க் நகருக்கு வந்து சேர்ந்த உறவுகளே. கடல் கடந்து பின்லாந்திலிருந்து வந்திருக்கும் சம்பந்தி வீட்டாரே, குன்று என்று பெயர் கொண்ட மேக்கி அவர்களே, தீவு என்று பெயர் கொண்ட சாரி அம்மா அவர்களே, பனி ஏரி என்று பெயர் கொண்ட என் சம்பந்தி பாவோ லுமியார்வி அவர்களே, மணமகளைப் பெற்ற சிவபாதம் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

குகநேசன் அங்கேயிருந்து, "அண்ணை பூகோளப் பாடம் எடுக்கிறார்" என்கிறான். ஓமடா தம்பி, பாடந்தான். எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டப் பழகினேன். நான் முழுதாக வாசித்து முடித்த முதல் தாள், இந்தக் கலியாணத்துக்கு வருவோரின் பட்டியல். ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, மருமகன் ஏரோவிடம் பொருள் கேட்டேன். மேக்கி? குன்று. சாரி? தீவு. கொஸ்கி? பாறையில் பாயும் ஆறு. சபையோரே, அது விருந்தினர் பட்டியலா, ஒரு நாட்டின் வரைபடமா? மனிதர் வந்தார்களா, மலையும் நதியும் சட்டை போட்டு வந்தனவா?

அந்தப் பெயர்களில் ஒன்றைப் பற்றி என் மகள் நிலானி என்னிடம் ஓர் அனுமதி கேட்டாள். இரண்டு மாதமாக நான் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இன்று மேடையேறினேன்.

நமக்கு ஏதையா குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைப் பிள்ளை சுமப்பான். அவன் பெயரை அவன் பிள்ளை சுமக்கும். ஆனால் டென்மார்க்கில் வந்து இறங்கிய அன்று, குடும்பப் பெயர் என்னவென்று கேட்டார்கள். நான் அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து நானும் சின்னமணி, மனைவியும் சின்னமணி, பிறந்த மகளும் சின்னமணி.

இதில் அகப்பட்டவள் என் மனைவி செல்வமலர். காய்ச்சலோடு டொக்டரிடம் போனவள், மருந்தில்லாமல் திரும்பி வந்தாள்.

"ஏன் வந்திட்டாய்?" என்றேன்.

"அங்க இருக்கிற பிள்ளை மாமாவின்ர பேரைச் சொல்லட்டாம். நான் சொல்லுவனே?"

"காய்ச்சலோட வந்து நிக்கிறியே?"

"காய்ச்சல் மாறும். மரியாதை போனா வருமோ?"

சிரியுங்கள், சிரியுங்கள். செல்வமலரும் சிரிக்கிறாள். அன்று சிரிக்கவில்லை.

அப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவர் பெயர் மட்டுமே மிச்சம். ஆகவே நிலானியின் கலியாணப் பேச்சு வந்ததும், "சின்னமணியை விடாதே பிள்ளை" என்றேன். அவள் முகம் வாடியது. நான் மருமகனோடு மூன்று கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அப்போதுதான் பாவோ வந்தார். செல்வமலர் பிட்டும் மீன் குழம்பும் வைத்தாள். மனிதர் சாப்பிட்டார். அரை மணித்தியாலம் ஒரு சொல் இல்லை. கோபமோ என்று பயந்து ஏரோவைப் பார்த்தேன். "இல்லை மாமா, அப்பாவுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. பிடிக்காட்டில்தான் கதைப்பார்" என்றான்.

கடைசியில் பாவோ கதைத்தார். ஏரோ தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். பாவோவின் பாட்டனார் லுமியார்வியாகப் பிறக்கவில்லையாம். லுமியார்வி என்ற பண்ணை வீட்டுக்கு மருமகனாகப் போனாராம். அந்தக் காலத்தில், அந்தப் பக்கத்தில், எந்த வீட்டுக்குப் போகிறாயோ அந்த வீட்டின் பெயரே உன் பெயர். "என் மகன் உங்கள் வீட்டுக்கு வருகிறான். உங்கள் பெயரையே எடுக்கட்டும்" என்றார்.

"அப்ப உங்கட பேர்?" என்று கேட்டேன்.

"ஏரி அங்கேயேதான் இருக்கிறது. எங்கும் போகாது" என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் இறங்கிவிட்டது, சபையோரே. உடனே நான், "இல்லை, உங்கட பேரே இருக்கட்டும்" என்றேன். அவர், "இல்லை, உங்கள் பெயர்" என்றார். விருந்தில் கடைசித் துண்டு மீனை ஒருவர் தட்டில் ஒருவர் போடுவதுபோல, இரண்டு கிழவர்கள் பெயரைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

குசினியிலிருந்து நிலானி வந்தாள்.

"ரெண்டு பேரும் முடிச்சிட்டியளோ? கலியாணம் உங்கள் ரெண்டு பேருக்குமோ?"

பாவோ புரியாமல் மகனைப் பார்த்தார்.

"பேர் எனக்கு. என்னை ஒருத்தரும் கேக்கேல்ல."

"சரி, சொல்லு பிள்ளை" என்றேன்.

"அப்பப்பாவின்ர பேர் நான் பிறக்கேக்கையே கிடைச்சது. கேட்டு வாங்கேல்ல. லுமியார்வி நானா விரும்பி எடுக்கிற பேர். ஆனா நீங்கள் ஓம் எண்டாத்தான் எடுப்பன், அப்பா."

ஏரோ அதைத் தன் தகப்பனுக்குச் சொன்னான். பாவோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுந்து வெளியே நடந்துவிட்டேன். கோபத்தில் அல்ல. அவளுக்கு முன்னால் அழ வெட்கப்பட்டேன்.

அன்பு நிறைந்த சபையோரே, பிள்ளையைப் பெற்றோம், பெயரும் கொடுத்தோம். கொடுத்த பெயருக்காகப் பிள்ளையின் விருப்பத்தை மறிக்கலாமா? அப்பாவின் பெயரை நான் பதிவில் கொடுத்தேன், அவர் கேட்டாரா? அவர் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பிள்ளைகளை நல்லாய் வைத்திரு என்று. அவர் பேத்தி இன்று இத்தனை பேருக்கு நடுவில், மனத்துக்குப் பிடித்தவன் பக்கத்தில், நல்லாய் இருக்கிறாள். சின்னமணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பெயர் மாற்றும் விண்ணப்பத்தை நிரப்பி, அனுப்பாமல் தொலைபேசியில் வைத்திருக்கிறாளாம். செல்வமலர் சொன்னாள்.

நிலானி, அப்பாவைப் பார். ஓம் பிள்ளை. அனுப்பு.

அழாதே, முகப்பூச்சு கரையும் என்று உன் அம்மா சைகை காட்டுகிறாள்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், பந்திக்கு நேரமாகியும் என்னை இறக்காத தலைவருக்கும் நன்றி. குன்றுக்கும் தீவுக்கும் ஆற்றுக்கும் நன்றி. சம்பந்தி, என் மகளுக்கு உங்கள் ஏரியைக் காட்டுங்கள்.

திருமதி நிலானி லுமியார்வி அவர்களே, உங்களுக்கு இந்தச் சபையில் முதல் வணக்கம் உங்கள் அப்பாவுடையது.