அடை வைக்க யாரும் அழைக்காத கை

கோழிக்கும் குஞ்சுக்கும் முப்பத்திரண்டு ஆண்டு குடையாய் நின்ற கோமானே! கொள்ளிடக் கரை முதல் முந்திரிக் காடு வரை சைக்கிள் மிதித்துத் தேய்ந்த செம்மலே! எங்கள் பண்ணையின் கால்நடை ஆய்வாளர் திரு. வைத்திலிங்கம் அவர்களே!

ஓய்வு பெறும் இந்த 30-6-1984 அன்று உங்கள் புகழை மட்டும் பாட ஆசைப்பட்டோம். எழுதியதைக் காட்டியபோது பாதியை அடித்துவிட்டு, பொன்னுத்தாயின் கதையைப் படிக்காவிட்டால் மாலையைத் தொடமாட்டேன் என்றீர்கள். உங்கள் பிடிவாதம் எங்களுக்குத் தெரியாததா? மனம் கனக்க அதையே படிக்கிறோம்.

தவறைத் தன் தலையில் சுமந்த தகையாளரே!

1976-இல் பண்ணைக் குஞ்சுகள் வெள்ளையாய்க் கழிந்து கொத்துக் கொத்தாய்ச் செத்தன. பிழைத்தவை திடமானவை, அவற்றையே தாய்க்கோழிகளாக வளர்ப்போம் என்றவர் நீங்கள், தலையாட்டியவர்கள் நாங்கள். பளபளவென்று வளர்ந்து அவை முட்டையிட்டபோது நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அந்த முட்டைகளைத்தான் ஊர் ஊராய் அடை வைக்கக் கொடுத்தோம்.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு தெருவில், அடைக்கோழியின் கீழ் முட்டை வைக்கக் கைராசிக்காரியைக் கூப்பிடுவார்கள். அந்தத் தெருவுக்கு அது பொன்னுத்தாய். அவர் வைத்தால் ஒன்றுகூடக் கூமுட்டையாகாது என்று பேச்சு. நம் முட்டைகளையும் ஏழு வீட்டில் அவர்தான் வைத்தார். பொரித்த குஞ்சுகள் பத்து நாளுக்குள் பின்புறம் சுண்ணாம்பாய் அடைத்துக்கொண்டு செத்தன. வழக்கமாக வரும் கழிச்சல் நோய் என்று எண்ணி, மிச்சக் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து போட்டுவிட்டுத் திரும்பினீர்கள். பழி அந்தக் கையின் மேல் விழுந்தது. பிறகு அடை வைக்க அவரை யாரும் கூப்பிடவில்லை. சொந்த அண்ணன் மகளின் வளைகாப்பில்கூட வளையல் போட விடவில்லை.

உண்மையை ஒளிக்கத் தெரியாத உத்தமரே!

1981-இல் சோதனை மருந்து வந்தது. வெள்ளைப் பீங்கான் தகட்டின் மேல் ஒரு சொட்டுக் கோழி ரத்தம், ஒரு சொட்டு ஊதா மருந்து. அவற்றின் வழிவந்த அறுபது தாய்க்கோழிகளில் இருபத்து மூன்றின் ரத்தம் பால் திரிந்தாற்போல் திட்டுத்திட்டானது. சால்மோனெல்லா என்றீர்கள். அதன் உறவுக் கிருமிகள் ஆளையும் மாட்டையும் கண்டபடி பிடிக்கும். இந்த ஒன்று கோழிக்கென்றே தன்னைப் பழக்கிக்கொண்டது. குஞ்சைக் கொல்லும். தப்பிய கோழியை வாழவிட்டு, அதன் சினைப்பையில் குடியிருந்து, முட்டைக்குள் ஏறி அடுத்த குஞ்சைச் சேரும். திடமென்று நாம் பொறுக்கியெடுத்தவையே அதன் வீடு. இருபத்து மூன்றையும் அறுத்துப் புதைத்த அன்றே பொன்னுத்தாயின் தெருவுக்குப் பஸ் ஏறினீர்கள்.

தெருவைக் கூட்டி அத்தனையும் சொன்னீர்கள். செல்லக்கண்ணு என்ற பெரியவர் பதில் சொன்னார்: “அடை வச்சது போக மிஞ்சின முட்டைய நாங்க பச்சையாவே குடிச்சோம் சார். ஒண்ணும் ஆவலியே. முட்டையில கோளாறு இல்லீங்க.” இது மனிதரைப் பெரும்பாலும் தொடாத கிருமி என்று மூன்று முறை விளக்கினீர்கள். கோழியை மட்டும் ஆள் பார்த்துப் பிடிக்குமாக்கும் என்று சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். பொன்னுத்தாய் கடைசியில் நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சென்ற மாதம், சோதனையில் தேறிய கோழிகளின் பன்னிரண்டு முட்டைகளைக் கூடையில் வைக்கோல் பரப்பி எடுத்துப்போனீர்கள். கூட வந்தவர் நம் தட்டச்சர் கமலவேணி. பொன்னுத்தாய் கையாலேயே அடை வைக்கட்டும், குஞ்சு பொரிப்பதை ஊர் பார்க்கட்டும் என்று கெஞ்சினீர்கள். அவர் கூடையைத் தொடவில்லை. கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

“வேணாங்க சார். எங்கையிதான் காரணம்னு எனக்கே பழகிப்போச்சு. இதுவும் செத்துப்போனா நான் எங்க போவேன்?”

ஜெயங்கொண்டம் வரும்வரை கூடையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் அழுதீர்கள் என்று கமலவேணி சொன்னார்.

துணைவியார் ரெங்கம்மாள் அவர்களோடு நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! அந்தத் தெருவில் ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு முட்டை வைக்கவாவது பொன்னுத்தாயைக் கூப்பிட்டது என்ற சேதி உங்கள் காதில் விழும்வரை வாழ்க!

இங்ஙனம்,
அன்று உங்களோடு சேர்ந்து தலையாட்டிய
பண்ணை ஊழியர்கள்