பைக்குள் ஒரு ஹீட்டர்

“ஏங்க, உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் கொடுங்க. கை விறைச்சுப் போச்சு.”

டெல்லியின் துவாரகா மெட்ரோ நிலையத்தில் ஜனவரி மாதக் காலை. தமிழைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். நர்ஸ் உடுப்பில் இருந்த ஒரு பெண், கணவரின் ஆபீஸ் பையை வாங்கிச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டார். கையுறையை வீட்டில் மறந்துவிட்டு வந்த எனக்குப் பொறாமையாக இருந்தது.

“அப்பாடா, என்ன கதகதப்பு!”

“எனக்கு வயிறு எரியுது. வீட்லயே மூடி, ஸ்லீப் மோடுல தூங்கப் போட்டாச்சு. அப்புறமும் ஏன் இப்படிக் கொதிக்குது?”

“தூங்கிக்கிட்டே அப்டேட் போடுது. நல்லதுதானே?”

“தூங்குறப்ப தூங்கணும். நேத்து மீட்டிங்ல அத்தனை பேர் முன்னாடி திறக்கிறேன், பொட்டு சார்ஜ் இல்ல. மேனேஜர் சிரிக்கிறார்.”

“எங்க வார்டுல பேஷண்ட் தூங்கினாலும் டிரிப்ஸ் ஏறிக்கிட்டுதானே இருக்கு?”

“அது பேஷண்டைப் பிழைக்க வைக்க ஏறுது. இது யாரைப் பிழைக்க வைக்குது?”

“இப்போதைக்கு என்னை.”

“இன்னைக்கும் நான்தான் பேசணும். கொடு, சுத்தமா ஆஃப் பண்ணிடறேன்.”

“அச்சா, ஹோலி வரைக்கும் விடுங்க. குளிர் போனதும் ஆஃப் பண்ணிக்கலாம்.”

ரயில் வந்தது. அந்தப் பெண் பையோடு விறுவிறுவென்று பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டார். ஆண்கள் கால் வைக்கக் கூடாத பெட்டி. கணவர் அதன் வாசலிலேயே நின்று கத்தினார்.

“ஏய், பை! பை!”

“கரோல் பாக்ல இறங்குறப்ப தர்றேன். சத்தம் போடாதீங்க, அது தூங்குது.”