இருமாத இன்ஜின்

இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது ஐயா. அட்டைத் துண்டு ஒன்றை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தால் சரியாகிவிடும். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

நான் வந்தது உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில் இருக்கும் ஒரு வரிக்காக. என் தங்கையும் அவள் கணவரும் ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து இறந்ததைப் பற்றி உங்கள் பொறியாளர் எழுதியதை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். மேட்டில் இன்ஜின் நின்றுபோய், வண்டி பின்னால் உருண்டு விழுந்தது என்று எழுதியிருக்கிறார். சாவி அணைத்த நிலையில் இருந்ததாம், அதை வைத்து முடிவு கட்டிவிட்டார். படித்தவர்தான். ஆனாலும் அந்த வரி தப்பு.

மாப்பிள்ளைக்கு நிலம் அளக்கிற வேலை, அதுவும் மலைக்கு மேலே. அவருடையது பழைய பெட்ரோல் ஜீப். செங்குத்து மேட்டில் பாதி ஏறியதும் இருமி நின்றுவிடும். கார்புரேட்டருக்குள் சின்னக் கிண்ணம் மாதிரி ஓர் அறை, அதில் பெட்ரோல், அதன்மேல் ஒரு மிதவை. வண்டி சாய்ந்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை தடுமாறிப்போகும். பதினொரு வருடம் அதைக் கழற்றி மாட்டினேன். சமதரையில் பட்டாக ஓடும் வண்டி, மேட்டைக் கண்டதும் இருமும். அவர் அங்கேயே விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் நடந்து போவார்.

பேசாமல் நடந்து போயிருந்தால் பரவாயில்லை. "எம் மச்சான் கை வச்சா செத்த வண்டியும் எந்திரிச்சு உக்காந்து இருமும்" என்பார், என் பட்டறை வாசலில், நாலு பேர் நிற்கும்போது. இருமல் டாக்டர் என்று எனக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். உதிரிபாகக் கடைக்காரர் கூடப் பொட்டலத்தின் மேல் அப்படித்தான் எழுதி அனுப்பினார். போன வருடம் தங்கை வீட்டில் சாப்பிடும்போது எனக்குப் புரையேறியது. "பாத்தியா, டாக்டருக்கே ஒட்டிக்கிச்சு" என்றார் மாப்பிள்ளை. தங்கை சிரித்தாள். வாயைப் பொத்தி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அப்பா அம்மா போன பிறகு நான் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய பெண். எனக்கு வலித்தது. ஆனால் சோற்றில் கை வைத்தபடியே அவளை மன்னித்துவிட்டேன்.

புரொப்பேன் கேஸுக்கு மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கேஸுக்குக் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை, வண்டி எப்படிச் சாய்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. மூன்று வாரம் வேலை செய்தேன். டேங்கை இருக்கைக்குப் பின்னால் சட்டத்தோடு சேர்த்து முடுக்கினேன். ரேடியேட்டரின் சுடுதண்ணீரைச் சுற்றவிட்டு, டேங்கிலிருந்து திரவமாக வரும் கேஸை ஆவியாக்கும் பெட்டி, அதைக் காற்றோடு கலக்கும் மிக்ஸர், சாவியை அணைத்ததும் கேஸை நிறுத்தும் வால்வு, எல்லாம் பொருத்தினேன். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை பூசிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. வண்டியில் குறை வைத்து ஆளைக் கொல்வது தொழில் தெரியாதவன் செய்கிற வேலை ஐயா.

மழை விட்ட மறுநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்த மேட்டைத் தாண்டிப் போனேன். எந்த வண்டியும் அங்கே போய் வருடக்கணக்காகிறது. மேடு முடிந்ததும் ஒரு வளைவு. மேலே புல், பார்க்கச் சமமாகத்தான் இருந்தது. ஓரத்தில் குத்தினேன், பாதிக் கடப்பாரை உள்ளே போய்விட்டது. அடியில் இருந்த மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஆள் நடந்தால் தாங்கும், ஜீப்பைத் தாங்காது. குத்திய ஓட்டையைக் காலால் மூடிவிட்டு இறங்கி வந்தேன்.

வண்டியை மேலே ஏற்றிப் பார்க்க முடிவு செய்த அன்று காலையில் மாப்பிள்ளை கேட்டார்: "மேல வழி எப்படி இருக்கு மச்சான்? போய்ப் பாத்தீங்கல்ல?"

"டிராக்டரே போகும் மாப்பிள்ளை" என்றேன். என் கையால் யாரையும் தள்ளவில்லை. அந்த மூன்று வார்த்தைதான்.

தங்கை வருவாள் என்று எனக்குத் தெரியாது. மேட்டின் அடியில் எங்களுக்கு முன்பே வந்து நின்றாள். முன்சீட்டில் ஏறிக்கொண்டு, "இது மேல ஏறுறத நானும் பாக்கணும்ணா. இனிமே உன்னை யாராவது அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும், அவங்களுக்கு இருக்கு" என்றாள். இறங்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். இரண்டு பேரும் இறங்குவார்கள், வண்டி ஏறாது. ஏறவில்லை என்றால் என் வேலையை யார் நம்புவார்கள்? "மெதுவா போங்க" என்று மட்டும் சொன்னேன்.

நானும் பின்னாலேயே நடந்தேன். வழக்கமாக இருமும் இடத்தை ஜீப் ஒரே மூச்சில் தாண்டியது. தங்கை திரும்பிப் பார்த்துக் கை தட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் வளைவு.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜீப் பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்தது. மாப்பிள்ளை அசையவில்லை. தங்கை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்ரோலாக இருந்திருந்தால் அப்போதே அணைந்திருக்கும். இது நாலு சக்கரமும் வானத்தைப் பார்க்க, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. உடனே அணைக்கவும் மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேச்சு நின்ற பிறகுதான் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினேன்.

அதுவரைக்கும் இன்ஜின் நிற்கவில்லை ஐயா. அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.