தோற்கிற அணி

ஹாக்கியில் கோல் கீப்பராக நிற்கிற பையனைப் பெற்றவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். நல்ல அணியாகப் பார்த்து அவனைச் சேர்த்துவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் விட்டிருந்தேன், பிறகு திருத்திக்கொண்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள், ஐயா. தர்மன் விஷயத்தை மட்டும் எழுதிக்கொண்டால் உங்களுக்கு ஒரு பைத்தியக்காரன்தான் கிடைப்பான். நான் யோசிக்காமல் எதையும் செய்கிற ஆள் இல்லை.

என் பெயர் மதலைமுத்து. மொரப்பூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு ஜல்லி தள்ளுகிற கேங்கில் கூலி. அடுத்த வருஷம் நிரந்தரமாகிவிடும் என்று தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து கேட்டு வருகிறேன், நரைத்ததுதான் மிச்சம். ஒரு நாள் எங்களுக்கு மேலே ஒரு இளவட்டத்தை அனுப்பினார்கள். ஹாக்கி ஆடுகிறவனாம், ஆட்டத்துக்காகவே வேலை கிடைத்ததாம். சாயங்காலமானால் மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவான், நாங்கள் ஜல்லியோடு கிடப்போம். எனக்கு வயிறு எரிந்தது. யாருக்கும் எரியத்தான் செய்யும்.

அன்று வீட்டுக்குப் போனதும் என் மகன் சவரியைச் சுவரோரம் நிற்கவைத்துப் பார்த்தேன். ஒரே பிள்ளை. வயதுக்கு மீறின உயரம், நீளக் கை. மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்து ஹாக்கி அணியில் அவனைக் கோலுக்கு நிறுத்தியிருந்தார்கள். அதுவரை அதை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். இவன் ஜல்லி தள்ளக் கூடாது, ரயில்வேக்காரர்களே இவனைக் கூப்பிட்டு வேலை கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

பள்ளிக்கூட அணி அந்த வட்டாரத்திலேயே நல்ல அணி. அதுதான் வினை. பந்து எந்நேரமும் எதிராளி பக்கம்தான் கிடக்கும். சவரி இந்தக் கோடியில் காலில் தடுப்புப் பேட் கட்டிக்கொண்டு காக்காய் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆட்டம் முடிந்ததும் கோல் போட்டவர்களைத் தோளில் தூக்குவார்கள், இவன் சட்டையில் வியர்வைகூட இருக்காது. கோலாலம்பூரில் நம் ஆட்கள் உலகக் கோப்பையை ஜெயித்தபோது ரேடியோவைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. கோல் போட்டவர் பெயரை எல்லோரும் சொன்னார்கள். கோலுக்கு நின்றவர் யார் என்று கேட்டேன், அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆள் எடுக்க வருகிறவர்கள் கண்ணில் கோலுக்கு நிற்கிற ஒரு கோலி பட வேண்டுமென்றால் பந்து அவன் மேல் மழையாகக் கொட்ட வேண்டும். அதற்குத் தோற்கிற அணிதான் சரி.

நானே போய்த் தேடினேன். தர்மபுரி டவுன் பையன்களிடம் தடுப்பு பலமாக இருந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காரிமங்கலத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த குப்புராஜ் ஒரு அணி நடத்திக்கொண்டிருந்தார். சந்தை கூடுகிற மைதானத்தில் பயிற்சி. சந்தைக்கு மறுநாள் சாணியை ஒதுக்கிவிட்டுத்தான் ஆட முடியும். கோலுக்கு முன்னால் தடுத்து ஆட ஃபுல்பேக்காக நின்ற இரண்டு பேரும் பந்து வந்தால் விலகி வழிவிடுகிற மரியாதைக்காரர்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது.

பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் வியாகுலம் வீடு தேடி வந்து என் மனைவி இசபெல்லாவிடம் சொல்லிப் பார்த்தார். "நல்ல டீம வுட்டுட்டு அங்க போயி நிக்கறானேம்மா. பையன் ஒடம்பு புண்ணாப் போயிடுங்க" என்றார். நான் அவருக்குக் காபி போடச் சொன்னேன்.

என் கணக்கு தப்பவில்லை. காரிமங்கலம் போன இடமெல்லாம் தோற்றது, ஆனால் வந்த பந்தில் முக்கால்வாசியைச் சவரி நிறுத்தினான். எதிரணிக்காரர்களே வந்து அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். "டீம்தான் தோத்துச்சு, கோலி தோக்கல" என்று கிருஷ்ணகிரி பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்ததை என் காதால் கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த பஸ்ஸிலும் போனதில்லை. வீட்டில் இசபெல்லா அவன் விலாவுக்கு உப்பு ஒத்தடம் கொடுப்பாள். அந்த நேரத்தில் அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அந்தக் கோடையில் நானும் அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன். பந்து முகத்துக்கு வரும்போது கண்ணை மூடுகிற பழக்கம் அவனிடம் கொஞ்சம் இருந்தது. அதைப் போக்க ஜல்லிக் கல்லைத் துணியில் சுற்றி எறிவேன், அவன் இமைக்காமல் பிடிக்க வேண்டும். ஒரு நாள் துணி அவிழ்ந்துவிட்டது. இடது கண்ணோரம் காயம். மாட்டுக் கொம்பு பட்டது என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன், சொன்னான். காயம் ஆறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் குப்புராஜ் தர்மனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேற்கே ஒரு கிராமத்தில் கடலைக்காடு வைத்திருந்த குடும்பம், வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள். கடப்பாரை பிடித்துக் காய்த்த கை. வெறுங்காலோடு ஆடினான். குப்புராஜ்தான் அவனுக்கு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தார். தேய்ந்துவிடும் என்று ரோட்டில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பான், மைதானம் வந்த பிறகுதான் காலில் மாட்டுவான். நல்ல பையன்தான். நான் மறுக்கவில்லை.

அவனை இடப்பக்க ஃபுல்பேக்காக நிறுத்தினார்கள். அதோடு சரி, அவனைத் தாண்டிப் பந்து வரவில்லை. காரிமங்கலம் ஜெயிக்க ஆரம்பித்தது. குப்புராஜ் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். என் மகன் மறுபடியும் காக்காய் பார்த்துக்கொண்டு நின்றான். அதைவிட எனக்கு ஆத்திரம் என்னவென்றால், அதில் அவனுக்கு வருத்தமே இல்லை. இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். ரோட்டில் நடந்தாலும் தர்மன் அவனுக்கு இடது கைப் பக்கமாகவே வருவான். வீட்டில் வாயைத் திறக்காத சவரி அவனோடு இருந்தால் சிரிப்பான்.

குப்புராஜிடம் போய், இவ்வளவு நன்றாக ஆடுகிற பையனை முன்னால் ஆடவிடுங்கள் என்று தன்மையாகச் சொன்னேன். ஜெயிக்கிற அணியை யாராவது கலைப்பார்களா என்று சிரித்தார். சவரியையே குப்புராஜிடம் போய்க் கேட்கச் சொன்னேன். அவன் தட்டில் கை வைத்தபடி, "அவன் இல்லன்னா நான் கோலுக்கு நிக்க மாட்டேம்பா" என்றான். சோம்பேறித்தனம் என்று திட்டினேன்.

ஜோலார்பேட்டையில் போட்டி வந்தது. ஆள் எடுக்க ரயில்வேயிலிருந்து இரண்டு பேர் பார்க்க வருவதாகப் பேச்சு. இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் நான் அத்தனையும் செய்துகொண்டு வந்தேன். அணி மொரப்பூரில் ரயிலேற வேண்டும் என்பதால் முன்னதாகவே எங்கள் ஊருக்கு வந்து பயிற்சி செய்தார்கள். தர்மன் எங்கள் வீட்டில் தங்கினான். இசபெல்லா இரண்டு பையன்களுக்கும் ஒரே அளவில்தான் சோறு போட்டாள்.

ஷூவைக் கழுவி எங்கள் வேலி மேல் காயவைத்திருந்தான். சேங்கொட்டை உங்களுக்குத் தெரியும், துணிக்குக் குறி போட வண்ணார்கள் வைத்திருப்பார்கள். அதன் பால் தோலில் பட்டால் மறுநாள் வெந்துபோன மாதிரி கொப்பளித்துவிடும். எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்கிற குள்ளம்மாளிடம் என் சட்டைக்குக் குறி போட வேண்டும் என்று கொஞ்சம் வாங்கி வைத்திருந்தேன். கைல படாமப் பாத்துக்கங்க என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஒரு குச்சியால் ஷூவுக்குள் பாதம் படுகிற இடத்தில் பூசினேன். உச்சி வெயில், சீக்கிரம் காய்ந்துவிட்டது. சாயங்காலம் அவன் அதைப் போட்டுக்கொண்டு ஆடினான்.

ரயிலேறுகிற காலையில் அவனால் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை. கழுவிக் காய்ந்து இறுகின ஷூ கடித்துவிட்டது என்றுதான் நினைத்தான். பழந்துணியைச் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்று அடம்பிடித்தான். நான்தான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். "மாமா, அந்தப் பக்கம் நான் நிக்கலன்னா சவரிக்கு ஆவாதுங்க" என்றான். ஒரு ஆட்டம்தானே, பார்த்துக்கொள்வான் என்று சொன்னேன். அழுதான். ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான்.

ஜோலார்பேட்டை ஆட்டத்தின் முதல் பாதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பந்து கொட்டியது. காலால், கையால், நெஞ்சால் எல்லாவற்றையும் சவரி நிறுத்தினான். அன்றைக்கு எல்லாம் வலப்பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. இடைவேளையில் ரயில்வேயிலிருந்து வந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து அந்தக் கோலிப் பையன் பெயர் என்ன என்று கேட்டார். இரண்டு தரம் சொன்னேன்.

இரண்டாவது பாதியில் இடப்பக்கமிருந்து ஒருவன் ஓங்கி அடித்தான். தர்மன் நிற்கிற இடம் காலியாக இருந்தது. சவரி தலையை முழுசாக அந்தப் பக்கம் திருப்பினான், ஆனால் தாமதமாகத் திருப்பினான். பந்து வலது கண்ணில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கண் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு கண் இருக்கிறதே தம்பி, தைரியமாக இரு என்று நர்ஸம்மா ஆறுதல் சொன்னார்கள். சவரி, "அது கோடையிலயே போயிடுச்சுங்க" என்றான். இசபெல்லா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, தன் ஊருக்குப் போயிருந்த தர்மன் பார்க்க வந்தான். பஸ் ஏறக் காத்திருக்கவில்லையாம், புண் காலோடு அவன் ஊரிலிருந்து காரிமங்கலம் சந்தை வழியாகப் பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறான். கட்டின துணியெல்லாம் சாணியும் புழுதியும். வந்ததும் சவரிக்கு இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தான். பழக்கம். "நான் வந்துருக்கணும்டா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சவரி அவன் காலைத் தடவிப் பார்த்தான். "இவன் கால்ல என்னப்பா இவ்ளோ துணி?" என்று என்னைக் கேட்டான். ஷூ கடித்துவிட்டது என்று சொன்னேன். கையோடு கொண்டுவந்திருந்த ஷூவைச் சவரி பக்கத்திலேயே வைத்துவிட்டு, சரியானதும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தர்மன் போனான்.

அடுத்த வாரம் அவனுக்குத் தாடை பூட்டிக்கொண்டது. புண்ணில் சாணி பட்டு வருகிற ரணஜன்னி. உடம்பு வில்லாக வளைந்து கிடந்து செத்துப்போனான் என்று குப்புராஜ் வந்து சொன்னார். சேங்கொட்டையால் யாரும் சாவதில்லை, ஐயா. அவனை யார் புண் காலோடு நடக்கச் சொன்னது?

துணி எடுக்க வந்த குள்ளம்மாள்தான் அந்த ஷூவுக்குள்ளே இருந்த கறுப்புக் கறையைப் பார்த்து, இது என் கொட்டைக் கறை மாதிரி இருக்கிறதே என்றாள். இசபெல்லா அப்போதே அதை ஒரு துணியில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள். அதோ உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான்.

இடது கண் விஷயம் எனக்குத் தெரியாது என்று நேற்றுச் சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள். கல் பட்ட வாரமே தெரியும். ரயில்வே டாக்டர் கண் பார்ப்பார் என்று, சேலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் தொங்கின எழுத்துப் பலகையை நான் வரிசையாகப் பார்த்துவந்து சவரிக்கு மனப்பாடம் செய்யவைத்தேன். வெளியே மூச்சு விடக் கூடாது என்று மாதா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். அவன் தர்மனிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். தர்மன் ஏன் எப்போதும் இடப்பக்கமே நிற்கிறான் என்று எனக்குப் புரிந்தேதான் இருந்தது. புரிந்துதான் அவனை விலக்கினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் நான்தான் செய்தேன். வாசித்துக் காட்ட வேண்டாம், எங்கே என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சவரி இப்போதெல்லாம் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். ரயில் போகிற சத்தம் கேட்டால் இன்னமும் தலையை முழுசாக இடப்பக்கம் திருப்புகிறான். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அணியைத் தேர்ந்தெடுத்ததில் நான் தப்புச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பெரிய மனிதர் எழுந்து வந்து என் மகன் பெயரைக் கேட்டார், ஐயா. தர்மன் நின்றிருந்தால் கேட்டிருப்பாரா?