இஸ்பேட் பத்து

மாலை ஏழு மணி. நெவாடாவில், ஆஸ்டினுக்கு வடக்கே போகிற மண்சாலை. எதிரே ஒரு வண்டி வராது... குறுக்கே ஒரு நாய்கூடப் போகாது. இன்னும் கொஞ்சம் நெருப்புப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். அன்று அந்தச் சாலையில் போனவன் நம் ஹோமரின் மச்சான் வெண்டெல். ஹோமர் இதோ இருக்கிறான். பொய்யென்றால் சொல்லட்டும்.

வெண்டெல் பழைய சீட்டு மெஷின்களைப் பழுது பார்ப்பவன். காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் ஐந்து உருளைகள் சுற்றி நிற்கும், ஐந்து சீட்டு காட்டும். நல்ல கை விழுந்தால் மதுக்கடைக்காரன் சுருட்டு கொடுப்பான். உருளைகளில் ஐம்பது சீட்டுக்குத்தான் இடம். எந்த இரண்டை விடுவது? கடைக்காரர்கள் எல்லோரும் இஸ்பேட் பத்தையும் ஹார்ட்டின் ஜாக்கியையும் இவனை வைத்துக் கழற்றிவிடுவார்கள். பெரிய கை விழுவது அரிதாகிவிடும். அதனால்தான் வெண்டெலின் டப்பாவில் வேறெது இல்லாவிட்டாலும் இஸ்பேட் பத்து குவிந்து கிடக்கும்.

அவன் போனது லாயிட் பிக்ஃபர்டின் மதுக்கடைக்கு. லாயிட் மனைவி நாடினோடு கடைக்குப் பின்னறையிலேயே குடியிருந்தான். மெஷினை விற்கப் போகிறான், ஐந்தாவது உருளையில் ஒரு சீட்டு உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் நீட்டவில்லை. தாமதமாக வந்தானென்று வாய்க்கு வந்தபடி ஏசினான்.

அந்த மெஷினின் கதை ஊருக்கே தெரியும். லாயிடின் அப்பா ஏசா காலத்தில், கார்லண்ட் ட்ரெவின் என்ற வெள்ளிச் சுரங்கத் தொழிலாளி தினமும் அதில் ஆடுவான். இஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து சேர்ந்து விழுந்தால் இந்தக் கடையும் கடைக்குள் இருப்பதெல்லாமும் உனக்கே என்று ஏசா எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்திருந்தான். பத்து அதில் இல்லை என்பது கார்லண்டைத் தவிர அத்தனை பேருக்கும் தெரியும். அவன் இழுப்பான்... அவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் கைப்பிடியைப் பிடித்தபடியே செத்துப்போனான்.

வெண்டெல் டப்பாவைக் கிளறினான். பொருந்துகிற அளவில் கிடைத்தது இஸ்பேட் பத்து ஒன்றுதான். கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்த நாடின் அதைப் பார்த்துவிட்டாள்.

"அது வேணாம் லாயிட். காலியாவே விட்டுரச் சொல்லு."

"நீ வைய்யா," என்றான் லாயிட். "அந்தச் சுரங்கப் பெருச்சாளி வந்து வாங்கிக்கட்டும். எங்கப்பன் வாக்கை நானா மீறப் போறேன்?"

நாடின் வெண்டெலைப் பார்த்தாள். அவனுக்கும் மனசு இடித்தது. ஆனால் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் எரிந்தது. வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினால் போதும். வைத்தான். திருகை முடுக்கினான்.

யாரும் காசு போடவில்லை. உள்ளே காசு விழுந்தது... கிளிங்.

சுரங்க விளக்கில் போடும் கார்பைடின் பூண்டு நாற்றம். கைப்பிடி மெதுவாக இறங்கியது, பழகிய கை இழுப்பதைப் போல. உருளைகள் சுழன்றன. டக்... இஸ்பேட் ஏஸ். டக்... ராஜா. லாயிட் எழுந்துவிட்டான். டக்... ராணி. அவன் வாசலைத் தாண்டியிருந்தான். பெண்டாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டக்... ஜாக்கி. வெண்டெல் கவுண்டர் மேல் பாய்ந்து நாடினின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவளும் வரத்தான் பார்த்தாள். ஆனால் மறுபக்கமிருந்து யாரோ இழுப்பது அவன் கையில் தெரிந்தது.

டக்.

பிடி நழுவியது. வெளியே மண்ணில் எப்படி வந்து விழுந்தான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அவனும் லாயிடும் விடியும்வரை கதவை இடித்தார்கள். விடிந்ததும் அது தானே திறந்தது. நாடின் தலை வாரி, முகம் கழுவி நின்றாள். லாயிடை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடை இன்னும் தெறக்கலைங்க."

"நாடின்... நான்தான்டி."

"மெதுவாப் பேசுங்க. எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் சுரங்கத்துலேருந்து வந்திருக்கார்."

பின்னறையில், மரத்தரையில், பூட்ஸ் ஒன்று தொப்பென்று விழுந்தது. கொஞ்சம் பொறுத்து... இன்னொன்று.